ஒண்டியாக ஒரு பொண்ணு

விழுப்புரத்தில் பஸ் கிளம்பும்போது பக்கத்து சீட்டு கெங்கம்மாள் தொடங்கிய பேச்சு, விக்கிரவாண்டி தாண்டியும் ஓயவில்லை. ஸாலிஹாவுக்கோ கேட்கக் கேட்கப் பகீரென்றது.

"பத்து வயசுதாங்க. ஒண்டியா ஊர் ஊராப் போய்க்கினு இருக்கா. பாம்பு, தேளு, எது குறுக்கால வந்தாலும் புடிச்சுக் கூண்டுல போட்டுடுவா."

"பெத்தவ எப்படிம்மா அனுப்புனா?"

"பையைக் கையில குடுத்து, 'போய்ட்டு வா கண்ணு'ன்னு வாசலோட நின்னுக்கினா. பெத்தவன்னா அப்படித் தைரியம் வேணுங்க! நேத்து நம்ம பொண்ணு மூணு தல நாகத்தையே புடிச்சுட்டா."

"மூணு தலையா?"

கெங்கம்மாள் போனைத் திருப்பிக் காட்டினாள். பூதம் பிடிக்கும் விளையாட்டு. மஞ்சள் ரிப்பன் கட்டிய பொம்மைச் சிறுமி ஒருத்தி திரையில் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஸாலிஹாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, கேமா! யாரும்மா கத்துக் குடுத்தது?"

"எம் மவதான். 'இதைப் பார்த்தாவது உனக்குத் தைரியம் வரட்டும்'னு போன மாசம் போன்ல போட்டுக் குடுத்தா."

ஜன்னலோரம் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினாள். "இவதான் ஆர்த்தி. திண்டிவனத்துல இன்டர்வியூ."

"உங்களுக்கும் அங்க ஏதாச்சும் வேலையாம்மா?"

"எனக்கு என்னா வேலை? இருபத்துநாலு வயசுப் பொண்ண எப்படிங்க ஒண்டியா அனுப்புறது?"