மேல்தட்டுப் பட்டாணி

பாக்கெட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு பட்டாணி, ஃப்ரீசரின் மேல்தட்டு விளிம்பில் பனியோடு ஒட்டிக்கொண்டு பல மாதமாய்க் கிடந்தது. பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லை.

ஒருநாள் வீட்டுக்காரி, பாயசம் வைத்தது போக மீந்த பாலையும் பாலேட்டையும் பிஸ்தாவையும் கலந்து, ஐஸ்கிரீமுக்காக ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் வைத்தாள். டப்பாவுக்குள் ஒரே சண்டை.

"தள்ளிப் படு, நான் பிஸ்தா!"

"நான் இல்லேன்னா நீ வெறும் பருப்பு," என்றது பால்.

பட்டாணிக்குக் கொள்ளைச் சந்தோஷம். "பிஸ்தாண்ணே, மேலே நான் பட்டாணி இருக்கேன்!"

"நல்லா இரு தம்பி!" என்றது பிஸ்தா.

ஒரு மணி நேரம் கழித்து, ஐஸ் கட்டி தட்டாமலிருக்க வீட்டுக்காரி டப்பாவில் இருந்ததை நன்றாக அடித்துக் கலக்கி வைத்தாள். சண்டை நின்றுவிட்டது. "நாங்க நல்லா இருக்கோம்," என்று எல்லாம் சேர்ந்து சொல்லின.

மறுபடியும் அடித்து வைத்தாள். இப்போது உள்ளே ஒரே ஒரு குரல். இனிப்பான குரல்.

"பிஸ்தாண்ணே எங்கே?" என்று கேட்டது பட்டாணி.

"அது யாரு? இங்கே நான் மட்டும்தான் இருக்கேன். எத்தனை நாள் தனியாக் கிடப்பே? நீயும் வாயேன்."

டப்பாவின் மூடி லேசாகத் திறந்திருந்தது. பட்டாணி பனியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் இத்தனை மாதத்தில் அதை வாவென்று கூப்பிட்டவர் வேறு யார்? பனியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே குதித்தது.

வீட்டுக்காரி மூன்றாம் முறையும் அடித்து வைத்தாள்.

அன்று புதிதாக ஃப்ரீசருக்கு வந்த மீன் துண்டு, டப்பாவைப் பார்த்து, "உள்ளே யாரு?" என்றது.

"நான்..." என்று ஆசையாய் ஆரம்பித்தது பட்டாணி. அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்று எவ்வளவு யோசித்தும் அதற்கு ஞாபகம் வரவில்லை.