வண்டி நிக்காது

"உள்ளதைச் சொல்லுங்கண்ணே, அது போதும். அவர் வெளியே வந்துடுவார்" என்று கெஞ்சியபடியே, பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பரை இழுக்காத குறையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் அழைத்து வந்தாள் டிரைவரின் மனைவி.

"நான் வர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று வக்கீல் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சாவகாசமாக வருவார். லாக்கப்பில் நிற்பது அவர் வீட்டு மனுஷனா?

காலையில் பிரேக் பிடிக்காத பஸ், ஸ்டாப்பில் நின்றவர்களைத் துரத்திக்கொண்டு போய் மருந்துக்கடைச் சுவரில் முட்டியது. ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. மற்றவர்கள் தப்பியது யார் செய்த புண்ணியமோ!

வெறும் விபத்து என்றால் ஜாமீன் கிடைக்கும். அடுத்தவர் உயிரோடு விளையாடினார் என்று எழுதிவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளேதான். எதை எழுதுவது என்று புரியாமல் இன்ஸ்பெக்டர் மதியத்திலிருந்து பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், என் வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே இவர்கிட்ட சொல்லியிருக்கார். நீங்களே கேளுங்க" என்றாள்.

டைம்கீப்பர் தலையாட்டினார். "ஆமா சார். 'அண்ணே, வண்டி நிக்காது'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லா ஸ்டாப்லயும் நிக்காதுன்னு சொல்றான்னு நெனச்சுட்டேன் சார். பஸ்ஸைக் காணோம்னு கூட்டம் என்னைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்துச்சு. 'நிக்காட்டி என்னடா, ஜனங்க நாலு வார்த்தை திட்டுவாங்க, எடுத்துட்டுப் போ'ன்னுட்டேன்."

பக்கத்திலிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. பிரேக் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

கம்பிக்குப் பின்னாலிருந்து டிரைவர், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பாருங்க சார், இப்பக்கூட அடுத்தவரை மாட்டிவிட மனசு வரல அவருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுந்து கம்பியருகே போனார். "நிக்காதுன்னு நீ சொன்னது பிரேக்கைத்தானே?"

டிரைவர் தன் மனைவியைப் பார்த்தார். அவள், சொல்லுங்க என்று தலையை ஆட்டினாள்.

"ஆமா சார். எடுத்துட்டுப் போன்னாரு, எடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். டைம்கீப்பரைப் பார்த்து, "நீங்க புரியாம சொல்லியிருக்கீங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றார்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப அவரையும் விட்டுடுவீங்களா சார்?"

பேனா வேகமாக ஓட ஆரம்பித்திருந்தது. இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"தெரிஞ்சேதான் ஓட்டினான்னு சொல்ல சாட்சி இல்லாமத்தாம்மா இவ்வளவு நேரம் முழிச்சுக்கிட்டிருந்தேன்."