பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்காக ஆபீஸே கீழே இறங்கி, வண்டிகளுக்குப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தது. மாடியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவனை வாசலில் மறித்தாள் சங்கமித்ரா.

"சர்வீசுக்கும்மா. ஓனரே எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"பூஜையில பொட்டு வச்சதை இன்னிக்கே கழட்டச் சொன்னாரா?"

"வழிய விடு. உன் வேலைக்கே வேட்டு வெச்சிருவேன்!"

நிஜமாகவே ஓனர் அனுப்பிய ஆளென்றால் இந்த வேலை அவளுக்குக் கிடையாது. ஆனாலும் கிரில் கதவை வெளியிலிருந்து இழுத்துத் தாழிட்டு, "சார்! சார்!" என்று கத்தினாள்.

முதலாளி கோவிந்தராஜன் ஆட்களோடு ஓடிவந்தார்.

"இவனை நான் பார்த்ததே இல்லையே! நல்லவேளைம்மா... ஆமா, உன்னையும் நான் பார்த்ததில்லையே?"

"இன்டர்வியூவுக்கு வரச் சொன்னீங்களே சார். கதவு திறந்து கிடந்தது, உள்ள வந்து உட்கார்ந்துட்டேன். என்னை யாருமே எதுவும் கேக்கலை."