பாதிப் பெயர்

"இது என்ன சார், பேர் பாதிதான் இருக்கு?"

ஜொவிட்டா கேட்டதும் வெங்கடேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீதியைக் கம்ப்யூட்டர் போட்டுக்கும்மா. யார் உள்ள வந்து எழுதுறாங்களோ, அவங்க பேரு அங்க வந்து ஒட்டிக்கும்."

கல்லூரிகளுக்கு இணையதளம் நடத்தும் மென்பொருள் செய்கிற தரமணி ஆபீஸ் அது. அந்த மென்பொருளில் ஆங்காங்கே வெங்கடேஷ் எழுதி வைத்த 'ஹூக்' உண்டு. கொக்கிதான். வேண்டியவர்கள் தங்கள் வேலையை அதில் மாட்டிக்கொள்ளலாம். எந்தக் கொக்கி எதற்கு, யார் பயன்படுத்துகிறார்கள் என்று விளக்கம் எழுதும் வேலை ஜொவிட்டாவிடம் வந்திருந்தது.

நாற்பதில் முப்பத்தொன்பது முடிந்தது. பெயர் பாதியில் நின்ற இந்தக் கொக்கி ஒன்றுதான் பிடிபடவில்லை.

"யார் யார் பேரு வரும்னு எழுதணுமே சார். பின்னாடி தேடுறவங்களுக்குக் கிடைக்கணும்ல?"

"இதை இப்ப யாரும் தொடறதில்ல. 'யாருமில்லை, நீக்கலாம்'னு போட்டுடு."

மற்றதற்கெல்லாம் மணிக்கணக்காக உட்கார்ந்து சொன்ன மனிதர், இதற்கு மட்டும் ஏன் எழுந்து காபி மெஷினுக்குப் போகிறார்?

மேலாளர் நீரஜாவுக்குக் குழப்பமே இல்லை.

"தன்னை விட்டா ஆளில்லைன்னு இருக்கணும். அதுக்குத்தான் இப்படிப் பேர் வைக்கிறது! அவர் கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது. 'வேணும்னே மறைச்சிருக்கார்'னு நீ ஒரு வரி எழுது, நான் புதுப்பிக்க மாட்டேன். நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க. தப்பே பண்ணாத பொண்ணு."

அதற்கான ஷீல்டு ஜொவிட்டாவின் மேஜைமேல் இருந்தது.

போன வருஷம் அம்மா அடையாறு ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும், கட்டிலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கல்லூரித் தளங்களில் பரீட்சைத் தேதிகளை ஏற்றினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. எப்படி என்று அவளுக்கே புரிந்ததில்லை.

"மாதா பாத்துக்கறாங்கடி" என்றாள் அம்மா.

ஜூனில் ஷீல்டு கொடுத்தார்கள். பார்க்க அம்மா இல்லை.

கொக்கிக்கு எதிரே 'யாருமில்லை' என்று போட்டாள். நீரஜா சொன்ன வரியையும் எழுதினாள். அனுப்பத்தான் கை வரவில்லை. அப்படி ஒளித்து வைக்கிறவர் எதற்கு நீக்கச் சொல்கிறார்?

இதுவரை அந்தப் பெயரை, மீதிப் பெயருக்காக விட்டிருந்த ஓட்டையோடு சேர்த்து அப்படியே தேடியிருந்தாள். இப்போது ஓட்டையை விட்டுவிட்டு, முன்பாதியை மட்டும் கொடுத்துப் பார்த்தாள்.

மென்பொருளில் இன்னோர் இடம் வந்து நின்றது. வெங்கடேஷ் எழுதியது. அங்கே பெயர் முழுசாக இருந்தது. ஒட்டியிருந்த மீதி:

ஜொவிட்டா.

கீழே உத்தரவு: 'இவர் எழுதுவதை உடனே வெளியிடாதே. முதலில் எனக்கு அனுப்பு.'

பக்கத்தில், அவள் ஏற்றியதில் அவர் திருத்திய தேதிகளின் பதிவு. பிப்ரவரியில் தொடங்கி மே வரை. நூற்றுப் பன்னிரண்டு. கடைசித் திருத்தம், அம்மாவை அடக்கம் செய்ததற்கு முந்தின நாள்.

நிமிர்ந்து பார்த்தாள். காபி மெஷின் பக்கம் வெங்கடேஷ் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நீரஜா சொன்ன வரியை அழித்தாள். 'யாருமில்லை'யையும் அழித்து, அங்கே தன் பெயரை எழுதினாள்.

தன் நூற்றுப் பன்னிரண்டு தவறுகளையும் கூடவே இணைத்து, நீரஜாவுக்கு அனுப்பினாள்.