அடக்கிய இருமல்

மருத்துவமனை வாசலில் நர்ஸ் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து உள்ளே அனுப்புகிறாள். இருமும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கண்ணாடிக் கதவு. கைக்குழந்தையோடு யாரையும் அதற்குள் விடமாட்டார்கள். இடுப்பில் பாப்பாவோடு, அதை வாங்கிக்கொள்ள வேறு ஆளில்லாமல் நிற்கிறாள் அம்மா. வரும் வழியெல்லாம் மகனிடம் சொல்லியிருக்கிறாள்: "அங்க இருமக் கூடாது ராசா." அவன் உதட்டைக் கடித்து அடக்குகிறான், முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, சட்டைப் பொத்தான்கள் ஏறி ஏறி இறங்குகின்றன. "பையனுக்கு இருமல் இருக்கா?" என்று நர்ஸ் கேட்கிறாள். "இல்லைங்க சிஸ்டர்," என்கிறாள் அம்மா. நர்ஸ் அவன் முன் குனிகிறாள். "அடக்காத கண்ணு, மூச்சு முட்டுது பாரு. இருமிடு." அவன் அம்மாவைப் பார்க்கிறான். அவள் சரியென்று தலையசைக்கிறாள். இருமி ஓய்ந்தவனை நர்ஸ் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறாள். கண்ணாடிக் கதவு மூடுவதற்குள் அவன் திரும்புகிறான். "நீ தலையாட்டினதாலதானம்மா இருமினேன்."