நன்றாக இருந்த ஒரே காட்சி

கண்டியில் தியேட்டர் வாசலில், தன் யூடியூப் சேனலுக்காக முஸ்அப் மைக்கோடு நின்றான். படம் பார்த்து வந்த இளைஞன் ஒருவன் பொரிந்து தள்ளினான்.

“காதல் காமெடின்னு சொன்னாங்க. காதலும் இல்ல, காமெடியும் இல்ல. நல்லா ஏமாத்திட்டாங்க!”

“ஒண்ணுமே நல்லா இல்லையா?”

“தேயிலைக் கொழுந்துக் கூடையோட ஒரு பொம்பள சரிவுல உருண்டு போவாளே, அது மட்டும் சூப்பர். என்னா நடிப்பு!”

சுற்றி நின்றவர்கள் அதை நினைத்து மறுபடியும் சிரித்தார்கள். முஸ்அப்பும் சிரித்தான்.

ஊன்றுகோலோடு மெதுவாகப் படியிறங்கிய தெய்வானை என்ற பெண்ணிடம் மைக்கை நீட்டினான்.

“எங்க இருந்து வாறீங்க அக்கா?”

“மடுல்கெல்ல. எங்க தோட்டத்துலதான் இந்தப் படத்த எடுத்தாங்க.”

“அப்ப நீங்களும் நடிச்சீங்களா?”

“கொழுந்து எடுக்கிற மாதிரி நிக்கச் சொன்னாங்க. நின்னேன்.”

“அந்த உருண்டு விழுந்தவங்களத் தெரியுமா? பிரமாதமா நடிச்சிருக்காங்க!”

தெய்வானை ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள்.

“நடிக்கல தம்பி. நெசமாத்தான் கால் வழுக்கி விழுந்தேன். கமராவுக்குப் பின்னால அத்தன பேர் நின்னும், நான் கத்தக் கத்த ஏன் ஒருத்தரும் தூக்க வரலைன்னு இன்னைக்குத்தான் வெளங்குச்சு.”