பிரிண்டருக்கு வைத்த பேர்

சங்கரன்கோவில் தேரடிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில், மின்விசிறிக் காற்றுக்குத் தாள்கட்டின் ஓரங்கள் படபடக்கின்றன. புதிதாக லினக்ஸ் ஏற்றிய கம்ப்யூட்டர் முன்னால், போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இசக்கிசெல்வி உட்கார்ந்திருக்கிறாள். திரை வெளிச்சம் அவள் மூக்குத்தியில் மின்னுகிறது. இத்தனை வருஷமாகக் கடையின் பழைய பிரிண்டரோடு மல்லுக்கட்டிய கோமதித்தாய், பசை டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறாள். அந்தப் பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தாயிற்று, அதற்கொரு பேர் கேட்கிறது திரை. “என்ன பேரு வைக்க, அண்ணாச்சி?” என்கிறாள் இசக்கிசெல்வி. “ஒம் பேரையே வையி மக்கா,” என்கிறார் முதலாளி சண்முகையா, வாயெல்லாம் பல்லாக. கோமதித்தாயை அவர் ஒருநாளும் மக்கா என்று கூப்பிட்டதில்லை.

இசக்கிசெல்வி தன் பேரையே அடித்துவிட்டு அனுப்பிய சோதனைத் தாள் பாதி வெளியே வந்து, கறமுறவென்று சிக்கி நிற்கிறது. இடது பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். அந்தத் தட்டு கோமதித்தாயின் கைக்கு மட்டுமே தெரியும். “ஏட்டி கோமதி, என்னன்னு பாரு,” என்கிறார் சண்முகையா. அவள் பசை டப்பாவை இறுக்கி மூடுகிறாள். “அதான் பேரு வச்சாச்சுல்லா அண்ணாச்சி. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, வருதான்னு பாப்போம்.”